நாலு கண் வைத்தும் பார்வை இல்லை

கேள்வி: கரையில் துடிக்கும் அகச்சிவப்பு எல்இடியை நாட்டுப்படகிலிருந்து பிடிக்க ஒரு ரிசீவர் செய்கிறேன். படகு எப்படித் திரும்பினாலும் சிக்னல் வரட்டும் என்று நாலு பிபிடபிள்யூ34 போட்டோடயோடுகளை (வெளிச்சம் பட்டால் கரண்ட் விடும் டயோடு) ஒன்றின் வாலில் ஒன்றாகத் தொடராகக் கோர்த்தேன். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வேலை செய்தது. கம்பின் நாலு பக்கமும் கட்டி ராத்திரி படகில் வைத்தால் ஒன்றும் வரவில்லை. டயோடு போய்விட்டதா?
- வாசகர், பாம்பன்

பதில்: டயோடு நன்றாகத்தான் இருக்கிறது, கோர்த்த விதம்தான் தப்பு. ஒரே வாய்க்காலில் நாலு மடை வைத்த மாதிரி செய்திருக்கிறீர்கள், ஒரு மடை அடைத்தாலும் தண்ணீர் நின்றுவிடும். மேசையில் நாலும் விளக்கைப் பார்த்தன. படகிலோ ஒன்று கரையைப் பார்க்க மற்ற மூன்றும் இருட்டைப் பார்க்கின்றன, இருட்டில் இருக்கும் டயோடு சில நானோஆம்பியருக்கு மேல் விடாது.

பக்க இணைப்பாக மாற்றுங்கள். கேத்தோடு நாலும் ஒன்றாக, ஆனோடு நாலும் ஒன்றாக. நாலு வாய்க்கால் ஒரே கண்மாயில் விழுகிற கதை, எதில் வெளிச்சம் பட்டாலும் கரண்ட் வந்து சேரும். ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டுவிடாதீர்கள், ரிவர்ஸ் வோல்டேஜ் (கேத்தோடுக்குப் பிளஸ், ஆனோடுக்கு மைனஸ்) கொடுத்ததும் அது ஃபார்வர்டில் திறந்துகொண்டு மற்ற மூன்றையும் சேர்த்துக் கெடுக்கும். சால்டரிங் பண்ணுமுன் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு, கெப்பாசிட்டன்சும் (மின்னைத் தேக்கிவைக்கும் தன்மை) கூடும், அது கூடினால் ரிசீவர் மந்தமாகும். ரிவர்ஸ் வோல்டேஜ் இல்லாவிட்டால் ஒன்றுக்குச் சுமார் 70 பைக்கோஃபாரட், நாலுக்கு 280. 3 வோல்ட் கொடுத்தால் ஒன்றுக்கு 25 ஆக இறங்கும். மெதுவாக மினுக்கினால் இது பெரிய விஷயமே இல்லை, டிவி ரிமோட் மாதிரி 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கவிட்டால் கவனிக்கத்தான் வேண்டும்.

பகலில் வேறு தலைவலி. டயோடின் கரண்டை வோல்ட்டாக மாற்றும் ஆப்-ஆம்பில் (பெருக்கி சிப்) 1 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் 5 மைக்ரோஆம்பியரிலேயே 5 வோல்ட் நிரம்பிவிடும், நேர் வெயிலில் ஒரு டயோடே மில்லிஆம்பியர் கணக்கில் கக்கும். கறுப்பு வடிகட்டி போட்ட டயோடு கொஞ்சம் உதவும், ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதே. ரெசிஸ்டரை 1 கிலோஓமுக்கு இறக்கினால் தப்பிக்கலாம், சிக்னலும் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் முதலில் ராத்திரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் ஊர் உப்புக்காற்று. டயோடின் கால்களுக்கு நடுவே படியும் உப்பு ஈரமானால் அதுவே 10 மெகாஓம் ரெசிஸ்டர் மாதிரி வேலை செய்யும். 5 வோல்ட் இருந்தால் அரை மைக்ரோஆம்பியர் கசியும், ஆப்-ஆம்பில் 1 மெகாஓம் இருந்தால் இருட்டிலும் வெளியீட்டில் அரை வோல்ட் நிற்கும். போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்து வார்னிஷ் அடியுங்கள், டயோடின் முகத்தில் மட்டும் படாமல்.