செடி முதலில், மண் பிறகு: மீன்தொட்டி அடித்தளம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். அக்வாசாயில் (கடையில் விற்கும் சத்துள்ள மண் உருண்டைகள்) போடுவதா, ஆற்று மணலே போதுமா?

பதில்: என்ன செடி வைக்கப்போகிறீர்கள் என்று சொல்லவில்லையே! அது தெரியாமல் மண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவற்றைக் கல்லிலோ கட்டையிலோதான் கட்டுகிறோம். அவற்றின் தடித்த தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். அவை மட்டும்தான் என்றால் மணல் போதும். கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்ட் இரண்டும் வேர் வழியாக நிறைய உண்பவை. வெறும் மணலில் சத்து இல்லை. வேரருகே உர மாத்திரை புதைக்க வேண்டும். தரைவிரிப்புபோல் அடர்ந்து படரும் சிறுசெடிகளுக்கு அக்வாசாயில் வாங்குவது நியாயமான செலவு.

உங்கள் தொட்டி ஓரடி அகலம் என்றால், 5 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 14 கிலோ மணல் பிடிக்கும்.

கேள்வி: கடற்கரை மணலை நன்றாகக் கழுவிப் போடலாமா ஐயா?

பதில்: வேண்டாம். உப்பு போனாலும் கிளிஞ்சல் துகள் போகாது. அது மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். எந்த மணலானாலும் ஒரு கைப்பிடி எடுத்து, காயவைத்து, வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. பளிங்குக் கல்லும் இப்படித்தான்.

கேள்வி: எம்-சாண்ட்?

பதில்: செடிக்குத் தடையில்லை, தூசி போகும்வரை பல முறை கழுவ வேண்டும். கோரிடோரஸ் போல அடியைக் கிளறி இரை தேடும் மீன் வளர்ப்பவர்கள் தவிர்க்கட்டும், துகள்கள் கூர்மையானவை.

கேள்வி: தோட்டத்துச் செம்மண்ணைப் போட்டு மேலே மணல் பரப்பலாம் என்கிறார்கள். மண்புழு உரமும் கலக்கலாமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த முறை இது. செலவு சொற்பம், செம்மண்ணில் இரும்புச்சத்தும் உண்டு. சாணமோ ரசாயன உரமோ படாத மண்ணாக எடுங்கள். சலித்து, வாளியில் ஊறவைத்து, மிதக்கும் வேர், சருகு எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். சேறு பதத்தில் 2 செ.மீ. பரப்பி, அதன்மேல் கழுவிய மணலை 3 முதல் 4 செ.மீ. மூடுங்கள். மணல் 1 முதல் 3 மி.மீ. பருமன் இருக்கட்டும், பெரிய கூழாங்கல் என்றால் இடுக்கு வழியே சேறு மேலே வரும். மணல்மேல் ஒரு தட்டு வைத்து, தட்டின்மேல் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் அத்தனை உழைப்பும் கலங்கிப்போகும்.

மண்புழு உரம் கொஞ்சமாக மட்டும். அதிகமானால் மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறும். அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் தண்ணீர்ச் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை ஒரு மீனைக்கூட விடாதீர்கள். அந்த உயிரை வைத்துச் சோதிக்க நமக்கு உரிமையில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், கடினம் அதிகம். அக்வாசாயில் பயன்தருமா?

பதில்: சத்து தரும். ஆனால் காரத்தன்மையை உறிஞ்சி பிஎச் அளவைக் குறைக்கும் ஆற்றல் அதற்கு ஓர் அளவுதான். கடினத் தண்ணீரில் விரைவில் தீர்ந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் நீடிக்கும். இல்லையென்றால் வாலிஸ்னேரியாவை மணலில் நடுங்கள். கடினத் தண்ணீரிலும் செழிக்கும். அக்வாசாயிலைக் கழுவ வேண்டாம், உருண்டைகள் உடைந்துவிடும்.

கேள்வி: மணலுக்குள் கறுப்புத் திட்டுகள். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். தொட்டியையே கலைக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. பிராணவாயு எட்டாத இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு உண்டாகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கிளறாதீர்கள். மெல்லிய குச்சியால் வாரம் ஒரு பகுதியாகக் குத்திவிட்டு, அன்றே கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். அங்கே நன்றாக வேர்விடும் செடியை நட்டால் வேரே பிராணவாயுவைக் கொண்டுபோகும். மலேசிய ட்ரம்பெட் நத்தைகள் சிலவும் மணலைக் கிளறித் தரும். தீனியைக் குறைத்தால் அவை அளவுக்கு மீறிப் பெருகாது.