தாழி கிடைத்த மேட்டில் பிளாட்: ஸ்டே வாங்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் (சிவகங்கை மாவட்டம்) மேட்டில் முதுமக்கள் தாழிகள் இருக்கின்றன. பக்கத்து நிலத்துக்காரர் அதை புரமோட்டருக்கு விற்றுவிட்டார். ஜேசிபி மட்டம் தட்டுகிறது. வி.ஏ.ஓ. விரட்டுகிறார், தலைவர் பணம் வாங்கிவிட்டார். இரண்டு கிண்ணமும் கொஞ்சம் பாசிமணியும் எடுத்து வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தடை வாங்க முடியுமா?

பதில்: வி.ஏ.ஓ.வையும் தலைவரையும் மனுவில் இழுக்காதீர்கள். அந்த சர்வே எண், உட்பிரிவோடு, பாதுகாக்கப்பட்ட இடம் என்று அரசிதழில் வந்திருக்கிறதா? அது ஒன்றுதான் கேள்வி. ஆதிச்சநல்லூர் அறிவிக்கை ஆன இடம்; அங்கே தொல்லியல் இடங்களைப் பாதுகாக்கும் 1958 மத்தியச் சட்டம் பாயும். அதே மாதிரித் தாழி உங்கள் மேட்டில் கிடைத்தாலும், அறிவிக்கை இல்லையென்றால் கோர்ட்டுக்கு அது வெறும் பட்டா நிலம்.

அறிவிக்கை இல்லையென்றால் தொல்லியல் துறை, கலெக்டர், டிடிசிபி (லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரும் நகர ஊரமைப்பு இயக்ககம்) மூவருக்கும் மனு. பிறகு ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் மனு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலிக்கவும்" என்று உத்தரவு வரும், ஜெயித்ததாக இனிப்பு கொடுப்பார்கள், அதற்குள் மேடு தரைமட்டம். தொல்லியல் அலுவலர் நேரில் பார்த்து அறிக்கை தரும்வரை நிலைமை மாறக்கூடாது என்ற இடைக்கால உத்தரவைத் தனியாகக் கேளுங்கள். எஃப்.எம்.பி. (சர்வே எண்ணின் நில அளவை) வரைபடத்தில் தாழி இருக்கும் இடத்தைக் குறித்து, அளவுகோல் வைத்து எடுத்த படங்களைச் சேருங்கள்.

கிண்ணமும் மணியும் உங்களுக்கே ஆபத்து. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. எதிர்மனுவின் முதல் பத்தியே அதுவாகத்தான் இருக்கும். என்ன, எத்தனை, எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதி இந்த வாரமே ஒப்படையுங்கள். புரமோட்டரோடு உங்களுக்கு வரப்புத் தகராறு ஏதும் இருந்தால் பொதுநல வழக்குப் பக்கமே போகாதீர்கள்; சொந்தப் பகைக்குப் போட்ட வழக்கு என்பார்கள்.

ஒருவேளை மத்திய அறிவிக்கையே வந்தாலும், பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குப் புதுக்கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். உங்கள் மனையும் அதற்குள் வருகிறதா? டேப் பிடித்துப் பாருங்கள்.

என் யோசனை, சமரசம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். (பொதுத் திறந்தவெளி ஒதுக்கீடு) இடமாக தானம் எழுதித் தந்தே ஆக வேண்டும். அந்த இடத்தைத் தாழி மேட்டின் மேல் போடச் சொல்லுங்கள். புரமோட்டருக்கு கூடுதலாக ஒரு சென்ட் நஷ்டமில்லை. டிடிசிபி ஒப்புதலுக்கு முன் கேட்டால்தான் வரைபடம் மாறும். போர்வெல், தண்ணீர்த் தொட்டி, பூங்கா எதற்கும் அங்கே தோண்டக்கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானமும் வாங்குங்கள். லேஅவுட்டில் காலி இடம் என்றால் முதலில் வந்து நிற்பது தண்ணீர்த் தொட்டிதான்.