சோதனையில் 0.7, கிடேரிகளில் 0.3: எங்கே பிசகு?

மரபணுத் தரவை வைத்து மாடுகளின் பால் திறனைக் கணிக்கும் உங்கள் மாடலை, 1,200 மாடுகளை ஐந்து குழுக்களாகக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தபோது 0.7 இருந்த துல்லியம், அடுத்த தலைமுறைக் கிடேரிகளில் 0.3 ஆனது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பிரித்த விதம்தான் காரணம். ஒரே காளையின் மகள்கள் மாடல் கற்கும் குழு, சோதிக்கும் குழு இரண்டிலும் சிதறுவதால் மாடல் குடும்பத்தைத்தான் அடையாளம் காண்கிறது.

பிறந்த ஆண்டை வைத்துப் பிரியுங்கள். பதிவுள்ளவற்றில் கடைசி 3 ஆண்டுகளில் பிறந்த மாடுகளின் பால் பதிவை மறைத்து, பழையவற்றை மட்டும் கொண்டு கணியுங்கள். பிறகு, மறைத்த பதிவையும் சேர்த்த முழுத் தரவில் அதே மாடுகளுக்கு வரும் மதிப்பை அந்தக் கணிப்பின் மீது ரிக்ரஷன் போடுங்கள், அதாவது இரண்டுக்கும் பொருந்தும் நேர்கோட்டைக் காணுங்கள். அந்தக் கோட்டின் சரிவு 1-க்குக் கீழே இருந்தால் கணிப்புகள் அளவு மீறி விரிந்துள்ளன. உச்சியில் தெரியும் இளங்காளைகள் அவ்வளவு தேறாது. துல்லியம் குறைந்தே வரும், ஆனால் அதுதான் நிஜம்.

பால் பதிவுக்குப் பதிலாக இனப்பெருக்க மதிப்பையே (ஒரு மாட்டின் மரபுத் திறன் பற்றிய மதிப்பீடு) அளவீடாகக் கொடுத்திருந்தால், அதில் கலந்திருக்கும் பெற்றோர் சராசரியை முதலில் நீக்குங்கள்.