நடுவில் குழியும் கேக், ஓரம் சுருளும் மஃப்ளர்

கேள்வி: வீட்டில் செய்யும் கேக் ஓவனில் அழகாக உப்பி வந்தாலும், வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: நடுப்பகுதி வேகும் முன்பே எடுத்துவிடுவதோ, ஓவன் கதவை அடிக்கடி திறந்து பார்ப்பதோதான் (ஆவல் யாரை விட்டது!) பெரும்பாலும் காரணம். உள்ளே உண்டாகும் வாயுக்குமிழ்களைத் தாங்கும் அளவுக்கு மாவும் முட்டையும் இறுகுவதற்கு முன் வெப்பம் குறைந்தால், மேலெழும்பியது அப்படியே அமுங்கிவிடும். 180 டிகிரி செல்சியஸில் வேகும் சாதாரண கேக்குக்கு முதல் 25 நிமிடங்கள் கதவைத் தொடாதீர்கள். பிறகு மெல்லிய குச்சியொன்றை நடுவில் குத்தி எடுத்துப் பார்த்து, ஈரமாவு ஒட்டியிருந்தால் மேலும் 5 நிமிடம் விடுங்கள். பேக்கிங் பவுடர் கூடினாலும் இதே கதிதான். ஒரு கப் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

கேள்வி: நான் பின்னும் மஃப்ளரின் ஓரங்கள் சுருண்டுகொள்கின்றன. இஸ்திரி போட்டால் சரியாகுமா?

பதில்: வேண்டாம், அக்ரிலிக் நூலாக இருந்தால் சூட்டில் பின்னலே தொய்ந்து பாழாகும். ஒரு வரிசை நேர்ப்பின்னல் (நிட்), மறு வரிசை எதிர்ப்பின்னல் (பர்ல்) என்று மாற்றி மாற்றிப் போட்டால் பக்க ஓரங்கள் பின்புறமாகச் சுருள்வது அந்தப் பின்னலின் இயல்பே தவிர, உங்கள் கைப்பிழை அன்று. அடுத்த முறை இரு ஓரங்களிலும் 4 கண்ணிகளை எல்லா வரிசையிலும் நேர்ப்பின்னலாகவே போடுங்கள். சுருள்வது ஓரளவு குறையும்.