‘பப்மெட்டிலேயே இருக்கிறது’ என்று சொன்னால் நம்பிவிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை. தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர், மூலிகைப் பொடி ஒன்று கிரியாட்டினினைக் குறைத்துவிடும் என்கிறார். ஆதாரமாக வாட்ஸ்அப்பில் ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்பி, ‘பப்மெட்டிலேயே இருக்கிறது’ என்றும் சொல்கிறார். இன்னும் பல கட்டுரைகளைத் தேடித் தொகுத்துத் தரத் தனிக் கட்டணம் கேட்கிறார். நம்பலாமா? இதையெல்லாம் நூலகத்தில் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அந்த ஆளுக்குப் பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை பொடியும் வேண்டாம்.

பப்மெட் என்பது ஒரு பட்டியல். மருத்துவக் கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உண்டு. நல்ல ஆய்வும் இருக்கும், அரைகுறை ஆய்வும் இருக்கும், பொய் என்று தெரிந்து திரும்பப் பெறப்பட்டதும் இருக்கும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. அதைத் திரும்பப் பெற 2010 வரை ஆனது. இன்றைக்கும் தேடினால் அது பப்மெட்டில் வரும், ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பை வெட்டிவிட்டு பிடிஎஃப்பை மட்டும் அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவ நூலகத்தில் என் மேசைக்கு ஒருமுறை ஒருவர் இதே போன்ற கட்டுரையை அச்செடுத்துக் கொண்டு வந்தார். தலைப்பையும் முடிவுரையையும் மஞ்சள் மையால் தீட்டி வைத்திருந்தார். நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, ஆய்வு முறை பகுதியின் முதல் வரியில் விரலை வைத்தேன். ‘ஆண் விஸ்டார் எலிகள், குழுவுக்கு ஆறு.’ அவர் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொடிக்கு ஆறு மாதமாகச் செலவழித்திருந்தார். உங்களுக்கு வந்த கட்டுரையிலும் முதலில் அந்தப் பகுதியைத்தான் பாருங்கள். யார் மேல் சோதித்தார்கள், எத்தனை பேர், எவ்வளவு நாள், பொடி சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டார்களா? இந்த நான்குக்கும் விடை தேட மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

கிரியாட்டினின் குறைந்தது என்பதும் ஒரு வலைதான். கிரியாட்டினின் தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வெளியேற்றும். சரியாகச் சாப்பிடாமல் உடம்பு இளைத்துத் தசை கரைந்தாலும் எண் குறையும். சிறுநீரகம் தேறிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடை குறைக்க மூலிகைக் கலவை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் வெகு வேகமாகச் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி ஒன்று கலந்துவிட்டதுதான் காரணம். தமிழில் ஆடுதின்னாப்பாளை என்று சொல்வதும் அந்த இனம்தான். அந்தச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும்.

இப்போது கட்டணத்துக்கு வருகிறேன். நோயாளியின் பயத்தை வைத்துப் பிழைக்கும் தரகர்கள் பெருகிவிட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதைத் தொகுத்துவிட்டுக் காசு கேட்பார்கள். தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு பொருளோ ஒரு சிகிச்சை நிலையமோ கட்டாயம் இருக்கும். தகவலுக்குப் பணம் கேட்டாலே விலகிவிடுங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. சில ஆய்விதழ்கள், கட்டுரையை முழுதாகப் படிக்க உண்மையாகவே பணம் கேட்கும். அது ஏமாற்று இல்லை, ஆனாலும் அநியாயம். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வைக்கூடப் பூட்டி வைத்துவிட்டு, நோயாளியின் பிள்ளையிடம் சாவிக்குக் காசு கேட்கிறார்கள். எத்தனை வருடமாகச் சொல்லியும் இது முழுதாக மாறவில்லை. அப்போதும் பணம் கட்டாதீர்கள். முதலில் பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கள், 2000ஆம் ஆண்டிலிருந்து முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தருகிறது. அங்கே இல்லையென்றால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள், பலர் அனுப்பிவைப்பார்கள். அதுவும் நடக்காவிட்டால் நூலகரிடம் சொல்லுங்கள். தன்னிடம் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வாங்கித் தரும் ஏற்பாடு நூலகங்களுக்கு இடையே உண்டு. சுருக்கத்தை மட்டும் படித்து முடிவு கட்டாதீர்கள். பல சமயம் பாதகமான விஷயம் உள்ளேதான் இருக்கும்.

நூலகர் உங்களுக்கு என்ன செய்வார்? பொடியைச் சாப்பிடலாமா கூடாதா என்று சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது, அது மருத்துவர் வேலை. நல்ல தகவல் இருக்கும் இடத்தைக் காட்டுவார், கட்டுரை எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லித் தருவார். பப்மெட்டை நடத்தும் அதே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம்தான் 1998 முதல் மெட்லைன்பிளஸ் என்ற தளத்தைப் பொதுமக்களுக்காக நடத்துகிறது. அதில் விளம்பரம் கிடையாது. ஒரு சிகிச்சை பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து எடைபோட்டுப் பார்க்கும் காக்ரேன் அமைப்பும் எளிய நடையில் சுருக்கம் வெளியிடுகிறது. நீங்கள் இங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். மருத்துவமனையில் இதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. நூலகம் இருக்கும் மருத்துவமனையிலும் பல இடங்களில் நோயாளியின் குடும்பத்தை உள்ளே விடுவதில்லை. அப்படித் திருப்பி அனுப்பினால் பொது நூலகத்துக்குப் போங்கள்.

போகும்போது நோயின் பெயரை அறிக்கையில் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலை என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR என்று இருக்கும்) 30 முதல் 59 வரை என்று பொருள். அம்மாவுக்கு எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் வேண்டும். நாலு பேர் முன்னால் பேசத் தயக்கமாக இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அம்மாவின் பெயரைச் சொல்லத் தேவையே இல்லை.

பொடிப் பொட்டலத்தை எறிந்துவிடாதீர்கள். அடுத்த பரிசோதனைக்கு அதையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்திருந்தால், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.