பழைய புத்தகக் கடையில் எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: இரண்டு வருடமாகப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் பை நிறைய வாங்கி வருவேன். வீட்டில் வந்து பிரித்தால் ஒன்றில் நடுவில் பக்கங்கள் இல்லை, ஒன்றில் பூஞ்சை. முதற் பதிப்பு என்று நம்பி வாங்கிய ஒன்று மறு அச்சு என்று பிறகுதான் தெரிந்தது. என்னோடு அதே கடைக்கு வரும் தோழியோ மூன்றே மூன்று புத்தகம் எடுப்பாள், அதில் ஒன்று பொக்கிஷமாக இருக்கும். அவளுக்கு அதிர்ஷ்டமா, எனக்குக் கண் இல்லையா? – ஒரு வாசகி

பதில்: மூன்றே மூன்று என்கிறீர்களே, பாதி விடை அதில் இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் உங்கள் தோழி கடைக்குள்ளேயே போகிறார்.

பழைய புத்தகக் கடைக்காரரிடம் சரக்கு மூட்டை மூட்டையாக வந்து விழும். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து விலை போட யாராலும் முடியாது. அட்டை எப்படி இருக்கிறது, புத்தகம் எவ்வளவு கனம், அடிக்கடி கேட்கிறார்களா என்று பார்த்துப் பெரும்பாலும் ஒரு விலை போட்டுவிடுவார். எல்லோரும் கேட்கும் நாவலின் விலை அவருக்கு அத்துப்படி, அதில் அவரை முந்த முடியாது. ஆனால் சதுரங்க ஆட்டத் தொகுப்புகளைப் பற்றியோ, பறவைக் கையேடுகளைப் பற்றியோ உங்களுக்கு அவரைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். மலிவு விலையில் நல்ல சரக்கு சிக்குவது அந்த இடைவெளியில்தான். அதனால் ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் இரண்டு. அதில் எது அச்சில் இல்லை, எந்தப் பதிப்பில் வண்ணப் படங்கள் வந்தன, எந்த மொழிபெயர்ப்பு சுருக்கப்பட்டது என்று ஃபோனில் ஒரு பட்டியல் இருக்கட்டும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொகுதி எண்களையும் அதில் குறித்துவையுங்கள். இரண்டாம் தொகுதியை இரண்டு முறை வாங்கியவர்கள் ஏராளம்.

கடைக்குள் போனதும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றை விட்டுவிடுங்கள், அவற்றுக்கெல்லாம் யோசித்து விலை போட்டாயிற்று. இன்னும் அடுக்காத புதுவரவுக் குவியல், குனிந்தால்தான் தெரியும் அடித்தட்டு, எட்டாத மேல்தட்டு, இந்த மூன்றில் நேரம் செலவிடுங்கள். ஃபோன் டார்ச் இல்லாமல் அடித்தட்டைப் பார்க்க முடியாது. தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஒல்லியான சிறு நூல்கள் ஒளிந்திருக்கும். முதுகில் பெயர் அச்சிட இடமில்லாததால் யாரும் அவற்றை உருவிப் பார்ப்பதில்லை. விழா மலர்கள், கண்காட்சிக் கையேடுகள், ஆசிரியரே சொந்தச் செலவில் போட்ட நூல்கள் எல்லாம் இந்த ரகம். மறு பைண்டிங் செய்து வெறும் காலிகோ துணி முதுகோடு நிற்பவற்றையும் கட்டாயம் திறந்து பாருங்கள். தட்டு மாறிப்போனவையும் உண்டு. கணித மேதையின் வாழ்க்கை வரலாறு கணக்குப் பாடநூல்களோடு கிடக்கும்.

தலைப்பைப் படிக்காமலே பதிப்பகத்தை அடையாளம் காணப் பழகினால் தேடும் வேகம் கூடும். 1935-ல் தொடங்கிய பெங்குவின் மலிவுப் பதிப்புகளில் ஆரஞ்சு நிறம் நாவலுக்கு, பச்சை துப்பறியும் கதைக்கு, அடர் நீலம் வாழ்க்கை வரலாற்றுக்கு. நிறத்தைப் பார்த்தே பத்தடி தூரத்தில் இருந்து வேண்டாததை ஒதுக்கிவிடலாம். புத்தகத்தை உருவும்போது முதுகின் மேல் விளிம்பில் விரலை மாட்டி இழுக்காதீர்கள், அங்கேதான் முதலில் கிழியும். இருபக்கப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, முதுகின் நடுவில் பிடித்து எடுங்கள்.

இனி, கையில் எடுத்ததைச் சோதிப்பது. உங்கள் மூன்று ஏமாற்றங்களில் இரண்டை இங்கேயே தவிர்த்திருக்கலாம்.

முதலில் மூக்கு. திறந்து முகர்ந்தால் பழைய தாளின் வாசனை வரலாம், ஈரத் துணி வாடை வரக்கூடாது. பிறகு கீழ் விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் ஏறிய புத்தகத்தில் அலையலையான பழுப்புக் கோடு அங்கேதான் தெரியும். அட்டையும் உடலும் சேரும் மூட்டைத் திறந்து பாருங்கள். நூல் தையல் வெளியே தெரிந்தாலும் தையல் உறுதியாக இருந்தால் பிழைக்கும். வெறும் கோந்தில் ஒட்டிய புத்தகம் நடுவில் ஒருமுறை பிளந்துவிட்டால் அடுத்த வாசிப்பில் தாள் தாளாகக் கையோடு வரும்.

பக்கங்கள் காணாமல் போவது பெரும்பாலும் கிழித்ததால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். புத்தகம் பாரம் பாரமாக, அதாவது ஒரு பெரிய தாளில் பல பக்கங்களாக அச்சாகி, மடித்து, சேர்த்துத் தைக்கப்படுகிறது. ஒரு பாரம் என்பது பெரும்பாலும் 16 பக்கம், சிலவற்றில் 8 அல்லது 32. பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போனால் 96-ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வரும். சில சமயம் ஒரே பாரம் இரண்டு முறை வந்து, வர வேண்டியது வராமல் போயிருக்கும். கிழிசலே இல்லாத, புத்தம் புதிதாகத் தெரியும் பிரதியில்கூட இது நடக்கும். ஏன் யாரும் படிக்காமல் விட்டார்கள் என்பதற்குச் சில நேரம் இதுவே காரணம்! எனவே பக்க எண்களை 16-16 ஆகத் தாவிப் பாருங்கள், 300 பக்க நூலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசிப் பத்துப் பக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். படங்கள் உள்ள நூலானால் முன்னால் இருக்கும் படப் பட்டியலோடு எண்ணிச் சரிபாருங்கள். தனித்தாளில் அச்சிட்டு ஒட்டும் வண்ணப் படங்களுக்குப் பெரும்பாலும் பக்க எண் இருக்காது. சட்டம் போட்டு மாட்ட யாராவது உருவியிருந்தால் பக்க எண் அதைக் காட்டிக்கொடுக்காது. மடித்து வைத்த வரைபடத்தையும் விரித்துப் பாருங்கள்.

தாள் பழுப்பாக இருப்பதாலேயே புத்தகம் மிகப் பழையது ஆகிவிடாது. கந்தல் துணியில் செய்த 18-ஆம் நூற்றாண்டுத் தாள் இன்றும் வெளுப்பாக இருக்க, 1950-களின் மலிவுத் தாள் அப்பளமாக நொறுங்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழும் படிகாரமும் சேர்ந்த அமிலத் தாள் பரவியதுதான் காரணம். ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். திரும்பி நிமிர்ந்தால் நல்லது, துகள் உதிர்ந்தால் ஒருமுறை வாசிக்கலாம், அவ்வளவுதான். பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், உலர்ந்த இடத்தில் வைத்தால் பெரிதாகப் பரவாது. தொட்டால் ஈஷிக்கொள்ளும் மென்மயிர் போன்ற படலம் உயிருள்ள பூஞ்சை. அதை அங்கேயே வைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

பதிப்பு பற்றிய ஏமாற்றத்துக்கு வருவோம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் உள்ள காப்புரிமை ஆண்டு அச்சிட்ட ஆண்டு என்று எண்ணுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மறு அச்சிலும் அந்த ஆண்டு அப்படியே இருக்கும். பல ஆங்கிலப் பதிப்பகங்கள் அங்கே 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஓர் எண்வரிசை அச்சிடுகின்றன. ஒவ்வொரு மறு அச்சுக்கும் ஓர் எண்ணை நீக்குவார்கள், மிஞ்சியதில் எது சிறியதோ அத்தனையாவது அச்சு. விதிவிலக்கும் உண்டு. ராண்டம் ஹவுஸ் நெடுங்காலம் முதல் அச்சில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று எழுதி எண்வரிசையை 2-ல் நிறுத்தியது. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் கைகொடுக்கும். அது 1970-ல் சர்வதேசத் தரமானது, 2007 ஜனவரியில் 10 இலக்கத்திலிருந்து 13-க்கு மாறியது. 1955 என்று போட்ட நூலில் ஐஎஸ்பிஎன் இருந்தால் அது 1955-ல் அச்சான பிரதி இல்லை. மேலுறை மடிப்பில் விலை இல்லாமல், பின்னட்டையின் கீழ்மூலையில் சின்னக் குழி அழுத்தியிருந்தால் அது புத்தகக் கழக உறுப்பினர்களுக்காக அடித்த மலிவுப் பதிப்பாக இருக்கக்கூடும். வாசிக்க ஒரு குறையும் இல்லை, சேகரிப்பவர்கள்தான் தொட மாட்டார்கள்.

தமிழ் நூல்களில் வேறு தடயங்கள். பழைய பதிப்புகளில் ஆண்டு ௧௯௩௪ (1934) என்று தமிழ் எண்ணில் இருக்கும், அல்லது ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறக்காதீர்கள். பிரபவ என்றால் 1867-ம் ஆகலாம், 1927-ம் ஆகலாம், 1987-ம் ஆகலாம். தாளும் எழுத்துருவும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-ல். 1960 என்று குறித்த நூலில் லை, னை, றா எல்லாம் இன்றைய வடிவில் இருந்தால் பிற்கால அச்சோ என்று சந்தேகப்படலாம். 1930-களிலேயே சீர்திருத்த எழுத்தில் அச்சிட்டவர்கள் இருந்ததால் இது மட்டுமே சாட்சி ஆகாது.

கையெழுத்திட்ட பிரதி என்றால் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பேனா அழுத்திய தடமோ, மை ஊறிய ஓரமோ தெரிய வேண்டும். உருப்பெருக்கியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சிட்ட கையெழுத்து. எழுத்து நகலெடுத்ததுபோல் மங்கி, பக்கம் கோணலாகி, அட்டைப்படம் கலங்கி, அடியில் ஒரு வரி வெட்டுப்பட்டு இருந்தால் திருட்டுப் பதிப்பு. அது எவ்வளவு மலிவானாலும் லாபம் இல்லை. நூலக முத்திரையும் முதுகில் எண் சீட்டும் உள்ள பிரதிக்குச் சேகரிப்பு மதிப்பு குறைவு. ஆனால் பைண்டிங் உரமாக இருக்கும், வாசிக்கத்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முத்திரைக்கு மேல் ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அது இன்னும் நூலகத்தின் சொத்தாக இருக்கலாம்.

விலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் விலை அவருடைய ஆசை. விற்றுமுடிந்த விலை தெரிந்தால் அதை நம்புங்கள். நாற்பது பிரதிகள் விற்பனைக்கு நிற்கின்றன என்றால் அது அரிய நூலே இல்லை. கடைக்காரர் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாக ஃபோனில் தட்டிப் பார்ப்பதும் நாகரிகமில்லை, அடுத்த முறை அவரே தேடிப் பார்த்து விலை போடுவார். ஒரு புத்தகத்துக்குப் பேரம் பேசுவதைவிட ஐந்தாறை அடுக்கிவைத்து மொத்தமாகக் கேட்டால் எளிதில் இறங்குவார். தேடும் துறையைக் கடைக்காரரிடம் சொன்னால் விலை ஏற்றிவிடுவார் என்று மறைப்பவர்கள் உண்டு. எங்கள் கருத்தில் சொல்லிவிடுவதே மேல். கொஞ்சம் விலை கூடினாலும், மூட்டை பிரிக்கும்போது உங்களுக்கென்று எடுத்துவைப்பார்.

வரி, சட்டம், மருத்துவம், மென்பொருள், தேர்வுக் கையேடு ஆகியவற்றில் பழைய பதிப்பு மலிவு என்று வாங்குவது வீண். கணக்கிலும் இலக்கணத்திலும் அந்தப் பயம் வேண்டாம். பல தொகுதி நூலில் ஒற்றைத் தொகுதியை விடுங்கள், மற்றவை உங்களிடம் இருந்தாலொழிய.

வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரியில் செருகாதீர்கள். இரண்டு வாரம் தனியே வையுங்கள். தாளில் சின்னஞ்சிறு வட்டத் துளையும் அடியில் புதிதாக மாவும் உதிர்ந்தால் உள்ளே புழு இருக்கிறது. இராமபாணம் என்னும் வெள்ளிநிறப் பூச்சி துளைக்காது, தாளின் மேற்பரப்பையும் பசையையும் சுரண்டும். பூச்சிக்கு வெயிலில் காயவைப்பது தவறு, அட்டை வெளுத்துத் தாள் பழுக்கும். பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டி, −20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வையுங்கள். வீட்டு ஃபிரீசருக்கு அவ்வளவு குளிர் இல்லையென்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்து ஒரு முழு நாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும், முன்னதாகப் பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். தோல் அட்டைக்கும் புகைப்பட ஆல்பத்துக்கும் இந்த வைத்தியம் கூடாது. மூடிய பெட்டியில் புத்தகத்தைச் சற்றே விரித்து நிறுத்தி, பக்கத்தில் திறந்த கிண்ணத்தில் சமையல் சோடா வைத்தால் பழைய வாடை பத்துப் பதினைந்து நாளில் குறையும். சோடா தாளில் படக்கூடாது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் அது மஞ்சளாகி எழுத்தையும் கறையாக்கிவிடும்.

உங்களிடம் இப்போது இருக்கும் மூன்றில், பூஞ்சை பிடித்ததை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்துப் பையில் கட்டிவிடுங்கள். ஃபிரீசர் பூஞ்சையைத் தூங்கவைக்கும், கொல்லாது. அரிய நூல் இல்லையென்றால் தூக்கிப்போடுவதே நல்லது. பக்கம் விட்டுப்போனதில் எந்த எண் முதல் எந்த எண் வரை இல்லை என்று முன்னட்டையின் உட்புறம் பென்சிலில் குறியுங்கள். நூலகத்தில் வேறு பிரதி கிடைத்தால் அந்தப் பாரத்தை மட்டும் நகலெடுத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். மறு அச்சை எடுத்துப் படியுங்கள். பிற்பாடு வந்த அச்சுகளில் பிழை திருத்தியிருப்பதும் உண்டு.