காலிஃபிளவர் செடி செழிப்பாக வளர்ந்தும் பூ வைக்காதது ஏன்? (கன்னியாகுமரி மாவட்டம்)

காலிஃபிளவரில் நாம் சமைக்கும் 'பூ' விரிந்த பூவே இல்லை. பூவாக மாற வேண்டிய இளந்தண்டுகள் நெருக்கமாகத் திரண்ட கட்டி. இலை விட்டுக்கொண்டே போகும் செடியின் நுனி பூவுக்கு மாற, குளிர்ச்சி வேண்டும். தேங்காய் எண்ணெய் மாதிரிதான்: ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் உறையும், சித்திரை வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் உறையாது.

அந்த அளவு ரகத்துக்கு ரகம் மாறும். பின்பருவ ரகங்கள் 10 முதல் 16 டிகிரி கேட்கும். அது நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்கழி விடியலில்கூட வராது. பூசா மேக்னா, பூசா தீபாலி போன்ற முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரியிலும் பூ வைக்கும். நமக்கு அவைதான். விதை வாங்கும்போது விலையை அப்புறம் பாருங்கள், முதலில் ரகத்தைக் கேளுங்கள்.

செப்டம்பரில் நாற்று விட்டு, நான்கைந்து வாரத்தில் எடுத்து நடலாம். ஐப்பசி மழை கொட்டும் ஊர், அதனால் மேட்டுப்பாத்தி அவசியம். பூ முட்டையளவு ஆனதும் இலைகளை மடக்கி வாழைநாரால் கட்டிவிட்டால் வெயில் பட்டு மஞ்சளாகாது.

பூ வரவில்லையே என்று யூரியாவைக் கூட்டுகிறவர்கள் உண்டு; அது இலையைத்தான் இன்னும் பெருக்கும்.